எழுபத்தொன்றில் நின்றது

விளக்கை யார் அணைத்தது? சரி, அணைத்ததே அணைத்தீர்கள், அப்படியே இருக்கட்டும். கிட்ட வந்து உட்காருங்கள். நடுவில் யாராவது சிரித்தால் நான் எழுந்து போய்ப் படுத்துவிடுவேன், முதலிலேயே சொல்லிவிட்டேன். இது என் மச்சினனோடு ஒரே அறையில் தங்கியிருந்தவரின் தம்பிக்கு நடந்தது. உறவு முறையைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள், கதை அங்கே இல்லை.

ராத்திரி பத்தே முக்கால். கிடங்குகள் இருக்கிற தெரு. ஏழு மணிக்கு மேல் அங்கே ஈ காக்கை இருக்காது. விளக்குக் கம்பம் ஆறு, எரிவது இரண்டு. அந்தத் தெருவில் தம்பிக்காரன் தோளில் பையோடு தனியாக நடந்து போகிறான். அவன் செருப்புச் சத்தம் மட்டும்தான்... சட்டக்... சட்டக்...

தெருக்கோடியில் அவன் ஆபீஸ். டாக்டர்களும் வக்கீல்களும் பேசி அனுப்புவதைக் காதில் மாட்டிக் கேட்டு டைப் அடிக்கிற இடம். இருபத்து நான்கு கம்ப்யூட்டர், அத்தனைக்கும் இவன் ஒருத்தன்தான் வைத்தியன். அங்கே இவனுக்கு 'ஆச்சு' என்று பெயர். பிரிண்டர் சரியாகிவிட்டதா என்று கேட்டால் "ஆச்சு". வைரஸ் போய்விட்டதா என்றால் "ஆச்சு". பாதி நாள் கையே வைத்திருக்க மாட்டான். கெட்டவன் இல்லை. ஆகவில்லை என்று சொல்ல மட்டும் வாய் வராது.

அன்றைக்கு என்ன வேலை என்றால்... வருஷத்துக்கு ஒரு தடவை எல்லா மெஷினையும் துடைத்துப் புதிதாக்குவார்கள். ஒவ்வொன்றாகச் செய்தால் ஒரு வாரம் இழுக்கும். அதனால் சுத்தமான ஒரு மெஷினின் டிஸ்கை அப்படியே படி எடுத்து சர்வரில் வைத்துக்கொண்டு, நெட்வொர்க் வழியாக எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் இறக்குவார்கள். அந்தப் படிக்கு இமேஜ் என்று பெயர். பகலில் இறக்கினால் ஆபீஸ் வேலை மொத்தமாகப் படுத்துவிடும், அதனால் ராத்திரி. யாருடைய மெஷினிலாவது முக்கியமாக ஏதாவது இருந்தால், துடைப்பதற்கு முன்னால் அதையும் ஒரு இமேஜ் எடுத்து வைக்க வேண்டும். எடுத்ததைத் திறந்து பார்த்து, சரியாக இருந்தால்தான் நோட்டில் டிக். திறந்து பார்க்காமல் டிக் போடக்கூடாது. அந்தத் தொழிலில் முதல் நாளே சொல்லித் தருவது இது.

போன வருஷம் இவன் போட்டான்.

ஒன்பதாம் நம்பர் மெஷினில் ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். எப்போதும் தலைவலி, நெற்றியில் தைலம். அவர் பக்கத்தில் போனாலே கண் எரியும். அவருடைய வீட்டுக்காரருக்குத் தொண்டையில் நோய். குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். ஆபரேஷனுக்கு முதல் நாள் அக்கா அவரைப் பேச வைத்துப் பதிவு செய்திருக்கிறார்.

"என்னத்தப் பேசறதுன்னு வெக்கப்பட்டாரு தம்பி. எதுவா இருந்தா என்ன, நூறு வரைக்கும் எண்ணுங்கன்னு சொன்னேன்" என்றார் அக்கா. "வீட்ல கம்ப்யூட்டர் கிடையாது. இதுலதான் இருக்கு. சாப்பாட்டு நேரத்துல மாட்டிக் கேப்பேன். துடைக்கறதுக்கு முன்னாடி எடுத்து வச்சிடுப்பா."

"ஆச்சுன்னு வச்சுக்கோங்கக்கா."

அன்று ராத்திரி எடுக்கத்தான் ஆரம்பித்தான். எழுபத்தொன்று சதவீதத்தில் பிழை காட்டி நின்றது. மணி இரண்டரை. தூக்கம் கண்ணைச் சுழற்றியது. இன்னொரு தடவை எடுத்தால் ஒரு மணி நேரம் ஆகும். வந்த வரைக்கும் போதும் என்று நினைத்து டிக் போட்டான், மெஷினைத் துடைத்தான், வீட்டுக்குப் போய்ப் படுத்தான். அரைகுறை இமேஜ் எதற்கும் உதவாது, திறக்கவே திறக்காது. அது மறுநாள்தான் உறைத்தது.

காலையில் அக்கா வந்து நின்றார். "ஆச்சா தம்பி?"

"சர்வர்ல பத்திரமா இருக்குக்கா. நாளைக்கு எறக்கித் தர்றேன்."

வாய் கூசாமல் சொன்னான். அதற்கப்புறம்தான் கூசியது. அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால் அக்கா அழுதிருப்பார், நாலு வார்த்தை திட்டியிருப்பார், அதோடு போயிருக்கும். பத்தாம் நாள் சொன்னால் ஒன்பது நாள் பொய்யையும் சேர்த்தல்லவா சொல்ல வேண்டும்? இப்படியே எட்டு மாதம். இரண்டு நாளைக்கு ஒரு தடவையாவது, "ஆச்சா தம்பி?" இவன், "நெட்வொர்க் சரியில்லக்கா", "கேபிள் மாத்தணும்க்கா", "திங்கக்கிழமை கண்டிப்பா". அக்கா ஒரு நாள்கூடக் கோபப்படவில்லை. "உனக்கும் தலைக்கு மேல வேலை, பாவம்" என்று தன் ஃபிளாஸ்கிலிருந்து இவனுக்குத் தேநீர் ஊற்றித் தருவார். அதை வாங்கிக் குடித்திருக்கிறான். அதை நினைத்தால்தான் அவனுக்கு இன்றைக்கும் உடம்பு கூனிக் குறுகிப்போகிறது.

எட்டாம் மாதம் ஒரு நாள் அக்கா வரவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டார்.

சாமான்களை வாங்க வீட்டுக்காரர் வந்தார். கழுத்தில் ஒரு துணி, மூச்சு விடும்போது உள்ளேயிருந்து மெல்லிய விசில் சத்தம். சட்டைப்பையிலிருந்து சீட்டு எடுத்து எழுதி நீட்டினார். 'என் குரல் உங்ககிட்ட பத்திரமா இருக்குன்னு சொன்னா. இருக்கா?'

செத்த வீட்டு மனுஷனிடம்கூட இவனுக்கு உண்மை வரவில்லை. "இருக்கு சார். எடுத்துத் தர்றேன்" என்றான்.

சரி... இப்போது அந்த ராத்திரிக்கு வாருங்கள்.

இருபத்து மூன்று மெஷினிலும் இமேஜ் சமர்த்தாக இறங்கிவிட்டது. ஒன்பதாம் நம்பர் மட்டும் பாதியில் நின்றது. அனுப்பியதும் வந்து சேர்ந்ததும் ஒத்துப்போகவில்லை என்று பிழை. கேபிளை மாற்றினான். நின்றது. எல்லாக் கேபிளும் வந்து சேர்கிற சுவிட்ச் பெட்டியில் வேறு துளையில் சொருகினான். நின்றது. மெமரியைக் கழற்றித் துடைத்துப் போட்டான். டிஸ்கையே கழற்றி, உறை பிரிக்காத புது டிஸ்க் மாட்டினான். வேகத்தைக் குறைத்து, அந்த ஒரு மெஷினுக்கு மட்டும் தனியாக அனுப்பிப் பார்த்தான். கூலருக்குப் பக்கத்தில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டே பார்த்தான். ஐந்தாவது தடவையும் நின்றது. அப்போதுதான் எண்ணைக் கவனித்தான்.

எழுபத்தொன்று. ஐந்து தடவையும் எழுபத்தொன்று.

மணி இரண்டரை. அந்த இடத்தில் உங்களில் யாராக இருந்தாலும் மன்னிப்புக் கேட்டிருப்பீர்கள். இவன் என்ன சொன்னான் தெரியுமா? யாருமே இல்லாத அறையில், பழக்க தோஷம், வாய் விட்டுச் சொன்னான்.

"நாளைக்குப் பாத்துக்கலாம்."

சொல்லிவிட்டு ஒன்பதாம் நம்பரின் கேபிளைப் பிடுங்கினான். கேபிள் கையில் இருக்கிறது... கண் எரிந்தது. தைல வாசனை.

மேஜை ஓர ஆணியில் அக்காவின் ஹெட்போன் தொங்கியது. அதிலிருந்து சின்னதாக ஒரு சத்தம். ஆம்பளைக் குரல், நிதானமாக, வெட்கப்பட்டுக்கொண்டே... அறுபத்தெட்டு... அறுபத்தொன்பது... எழுபது... எழுபத்தொண்ணு...

நின்றுவிட்டது. அறையில் ஃபேன் சத்தம்கூட இல்லை. அப்புறம் காதோரத்தில், ஹெட்போனில் இல்லை, காதோரத்தில்...

"ஆச்சா தம்பி?"

திரையைப் பார்த்தான். கேபிள் இல்லாத மெஷின். எழுபத்திரண்டு என்றது. எழுபத்து மூன்று. ஓடிப்போய் சர்வரைப் பார்த்தான். சர்வர் அனுப்பவில்லை. வாங்கிக்கொண்டிருந்தது. ஒன்பதாம் நம்பரிலிருந்து... எண்பது... தொண்ணூறு... நூறு. பிழை எதுவும் இல்லை. சர்வரில் புதிதாக ஓர் இமேஜ், போன வருஷத்துத் தேதியோடு.

பயத்தை விடுங்கள். அவனுக்கு அந்த நேரத்தில் வந்தது சந்தோஷம். குரல் கிடைத்துவிட்டது. இதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால், பத்திரமாக இருக்கிறது என்று இத்தனை மாதம் சொன்னது பொய்யே இல்லை என்றாகிவிடும். அந்த ஆசையில் கை பரபரத்தது. திறந்து ஒரு தடவை கேட்டுப் பார்க்க வேண்டும், முறை அதுதான். ஆனால் அந்த ஹெட்போனைக் காதில் வைக்க அவனுக்குத் தெம்பில்லை. நோட்டில் டிக் போட்டான். பதிவை லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு, விடிந்ததும் விடியாததுமாக அக்கா வீட்டு மாடிப்படி ஏறினான்.

கதவு திறந்தது. உள்ளே பால் பொங்கிக் கருகிய வாசனை. ஒற்றை ஆள் சமையல்.

"உங்க குரல் முழுசா கிடைச்சுடுச்சு சார்" என்றான்.

அவர் கண் நிறைந்துவிட்டது. சுவரில் சாய்ந்துகொண்டு, சீட்டில் எழுதினார். 'கேட்டுப் பாத்தீங்களா?'

"பாத்தேன் சார். தெளிவா இருக்கு."

சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்து ஓட விட்டான். ஒரு கரகரப்பு. அப்புறம் அந்தக் குரல். "ஒண்ணு."

பெரியவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

அடுத்து "ரெண்டு" வரவில்லை. இவன் குரல் வந்தது. 'சர்வர்ல பத்திரமா இருக்குக்கா. நாளைக்கு எறக்கித் தர்றேன்.'

"ரெண்டு." 'நெட்வொர்க் சரியில்லக்கா.' "மூணு." 'திங்கக்கிழமை கண்டிப்பா.'

நிறுத்தப் பார்த்தான், நிற்கவில்லை. மூடினான், மூடிய பிறகும் உள்ளேயிருந்து கேட்டது. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பொய், சொன்ன நாள் வரிசையில். நடுநடுவே தேநீர் உறிஞ்சுகிற சத்தம்கூட இருந்தது. பெரியவர் இவன் முகத்தைப் பார்க்கவில்லை. தலை குனிந்து கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் இவன் பிழைத்துப் போயிருப்பான்.

"தொண்ணூத்தெட்டு." 'இருக்கு சார். எடுத்துத் தர்றேன்.'

"தொண்ணூத்தொம்பது." 'நாளைக்குப் பாத்துக்கலாம்.' யாருமே இல்லாத அறையில் சொன்னது.

"நூறு." 'பாத்தேன் சார். தெளிவா இருக்கு.' கொஞ்ச நேரத்துக்கு முன்னால், வாசலில் நின்று சொன்னது.

அதோடு ஓய்ந்தது. இவன் அப்படியே தரையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னான். எழுபத்தொன்றில் நின்றது, டிக் போட்டது, அந்தத் தேநீர்... எதையும் விடவில்லை. மன்னிப்புக் கேட்கக்கூட அவனுக்கு வெட்கமாக இருந்தது.

பெரியவரின் கழுத்திலிருந்து அந்த விசில் மூச்சு மட்டும். அப்புறம் சீட்டை எடுத்து எழுதி இவன் பக்கம் நகர்த்தினார்.

'என் குரல்தான். மறுபடி கேக்கக் கிடைச்சுதே, அது போதும்.'

இவன் தேம்பி அழுதான். பெரியவர் எதையோ யோசித்தார். சீட்டைத் திரும்ப வாங்கி, பின்பக்கத்தில் இன்னும் இரண்டு வரி எழுதினார்.

'ஆனா அன்னிக்கு எழுபத்தொண்ணுலயே இருமல் வந்து நிறுத்திட்டேன். அதுக்கு மேல நான் எண்ணவே இல்ல.'