பன்னிக் கொட்டாய்ச் சுவருக்குள்ள இருந்த துப்பாக்கி

நவம்பர் மாசம். சாயங்காலம் அஞ்சரை. துப்பாக்கி செய்யறதுக்குப் பேர் போன சூல் ஊருக்கு மேல காட்டுக்கு ஏறுற பாதை... ஒரு வண்டி கெடையாது. மழையும் பனியும் கலந்து பிசுபிசுன்னு விழுது. அந்தப் பாதையில ஒரு கெழவரு, நீளக் கயித்துல நாயைப் புடிச்சுக்கிட்டு, கீழயே பாத்துக்கிட்டுப் போறாரு.

எங்கூட வேலை பாக்கற ஊடோவோட மாமா அவரு. எக்கார்ட். பழைய துப்பாக்கியெல்லாம் பழுது பாக்கறவரு, வேட்டைக்கும் போவாரு. அந்த நேரத்துல அவருக்கு அங்க என்ன வேலைன்னு சொல்றேன். வாயில சாசேஜ் வச்சிருக்கறவங்க முழுங்கிடுங்க. அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.

பக்கத்து ஊர்ல ஒருத்தன் பன்னிக் கொட்டாயை இடிச்சான். சுவருக்குள்ள ஒரு சாக்கு மூட்டை. உள்ள வேட்டைத் துப்பாக்கி. உலகப் போர் முடிஞ்சு ரஷ்யாக்காரன் வந்தப்ப, துப்பாக்கி வச்சிருந்தா சுட்டுடுவான்னு எல்லாரும் ஒளிச்சு வச்சாங்களே, அது மாதிரி. துருப் புடிக்காம இருக்க எவனோ பன்னிக் கொழுப்பை அப்பியிருக்கான். அத்தனை வருஷத்துக் கொழுப்பு... மஞ்சளா, சளி மாதிரி நூல் விடுது. கொண்டு வந்தவனே வாசல்ல போட்டுட்டு மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடிட்டான்.

துப்பாக்கி மேல செஞ்சவன் பேரு கெடையாது. எக்கார்ட் குழலைக் கழட்டி, அடியில தொடச்சுப் பாத்தாரு. கிரீடம், கழுகு, சர்க்கார் சோதனை முத்திரை எல்லாம் இருக்கு. அதுக்கும் பின்னால, மரத்துக்குள்ள மறைஞ்சிருந்த எடத்துல, சின்னதா ஒரு முத்திரை. அவரோட கொள்ளுத்தாத்தா முத்திரை! கதவுக் கீல் அடிச்சவன்னு ஊரே கிண்டல் பண்ண மனுஷன், இப்படி ஒரு துப்பாக்கி செஞ்சிருக்காரு. மாமாவுக்குத் தலைகால் புரியல.

அவரு பொண்டாட்டி ஹைட்ரூன் மட்டும் மொகத்தைச் சுளிச்சாங்க. "யோவ், நல்ல வேலை செஞ்சவன் பேரை மேல போடுவான். உங்க கொள்ளுத்தாத்தா எதுக்குய்யா அடியில ஒளிச்சாரு?"

"உனக்கு வயித்தெரிச்சல்டி."

"வயித்தெரிச்சல் இல்ல, வயித்தைப் புரட்டுது. தூக்கிப் போடு அதை."

போடல. துப்பாக்கியோட மரக்கட்டையில ஊறின எண்ணெயை எடுக்க, சாக்பீஸ் பொடியை ஸ்பிரிட்ல கொழைச்சு மேல பூசுவாங்க. காஞ்சா எண்ணெயை உறிஞ்சிக்கிட்டுப் பழுப்பாயிடும். சொரண்டி எடுத்துடலாம். இவரு பூசினாரு. காலையில பாத்தா காயவே இல்ல. செவப்பா, கொழகொழன்னு... தொட்டா வெதுவெதுப்பு. சொரண்டினா நடுவுல முடி வருது. மான் முடி இல்ல, பன்னி முடியும் இல்ல. நீளமா, நரைச்ச முடி. எனக்குச் சொல்றப்பவே உடம்பெல்லாம் கூசுது.

மறுபடி பூசினாரு. மறுபடி அதே. ஆஸ்டா, அவரோட நாய், கீழ விழுந்த அந்தச் செவப்புக் கூழை நக்கி நக்கித் தின்னுச்சு. சீ!

ஹைட்ரூனுக்குச் சோறு எறங்கல. காபியில கொழுப்பு வாசம், ரொட்டியில கொழுப்பு வாசம், தலையணையில கொழுப்பு வாசம். வாந்தி எடுத்து எடுத்துப் படுக்கையில விழுந்துட்டாங்க. நாத்தம் தாங்காம ஜன்னலை நவம்பர் குளிர்லயும் தொறந்தே வச்சாங்க. "அது இருந்தா நான் இருக்க மாட்டேன், எக்கார்ட்"னு சொன்னாங்க. கெஞ்சினாங்க.

"இன்னும் ஒரே பூச்சுடி. முடிஞ்சிடும்."

அன்னிக்குச் சாயங்காலம் கட்டையிலேருந்து... செவப்பா ஒரு சொட்டு. தரையில. இன்னொரு சொட்டு. ஆஸ்டா மோந்து பாத்துட்டுக் கதவைப் பறண்டுச்சு. அடிபட்ட மிருகத்தோட ரத்தத்தை மோப்பம் புடிச்சுப் போற நாய் அது. வெளிய பாத்தா படியிலயும் சொட்டு. வலியில கெடக்கற மிருகத்தை ராத்திரி முழுக்க விட்டுட்டு எந்த வேட்டைக்காரன் தூங்குவான்? கயித்தை மாட்டிக் கெளம்பிட்டாரு.

பாதை பூரா சொட்டு. சருகுல, கல்லுல. தொட்டா வெதுவெதுப்பு. மோந்தா... அதே பன்னிக் கொழுப்பு.

மேட்டுல, மரத்தடியில, ஏதோ படுத்து எழுந்த பள்ளம். சருகு நசுங்கி ஈரமா இருக்கு. மான் படுத்த பள்ளம் வட்டமா இருக்கும். இது ஒரு ஆள் நீளம். தலைமாட்டுல ஊசியிலைக் கெளை ஒண்ணுல நுனியை மட்டும் ஒடிச்சிருக்கு. பச்சைக் காயம், பிசின் வழியுது. நாம சுட்டுச் செத்த மான் வாயில, மரியாதைக்குக் கடைசிக் கவளம்னு ஒரு தளிர் வைப்போமே... அந்த அளவு.

ஆஸ்டா அங்க நிக்கல. திரும்பி எறக்கத்துல இழுத்துச்சு. வந்த வழியே... ஊருக்கு... அவரோட வீட்டுக்கே. பின் வாசல். மாடிப்படி. படிக்குப் படி சொட்டு.

மாமா "ஹைட்ரூன்!"னு கத்திக்கிட்டு ஓடினாரு.

நாய் முந்திக்கிச்சு. கட்டில் பக்கத்துல உக்காந்து குரைச்சுது. ஒண்ணு... நிறுத்தி... இன்னொண்ணு. செத்த மிருகத்தைக் கண்டா மட்டும் குரைக்கச் சொல்லி அவரே பழக்கின குரைப்பு.

ஹைட்ரூன் கண்ணைத் தொறந்தாங்க.

"ஏன்யா இப்படிக் கத்துது இந்த நாய்?"

உசுரு வந்துச்சு மனுஷனுக்கு. கட்டில்ல விழுந்து அழுதாரு. "தூக்கிப் போட்டுடறேன்டி, இப்பவே போட்டுடறேன்"னாரு.

"போடு, போடு. என்னமோ கசக்குதுய்யா வாயில"ன்னு விரலை விட்டு எடுத்தாங்க. பச்சைத் தளிர். பிசினோட.

அப்புறமும் நிறுத்தாம பேசினாங்களாம். பசிக்குதுன்னாங்க, காபி போடுன்னாங்க. ஜன்னல் தொறந்து கெடக்குது, அறையெல்லாம் பனி. மாமா விடற மூச்சு வெள்ளையா புகையுது. ஆஸ்டா ஒவ்வொரு தடவை குரைக்கறப்பவும் அது வாயிலேருந்து புகை. அந்தம்மா பேசிக்கிட்டே இருக்காங்க...

அவங்க வாயிலேருந்து மட்டும் புகை வரல.