ஏழாவது விளக்கு

அந்தக் கார்மேல் எனக்குப் பெரிய பாசமெல்லாம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார் என்றால் ஓட வேண்டும், நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

நீங்கள் வரும்போது வாசலில் பார்த்திருப்பீர்கள். உடம்பு சாம்பல் நிறம், பானெட் மட்டும் வெள்ளை. விபத்துக்குப் பிறகு அதே நிறத்தில் பானெட் கிடைக்கவில்லை. தலையில் கட்டுப் போட்ட நோயாளி மாதிரி இருக்கும். வேலைக்குச் சேர்ந்த வருடம் அதை வாங்கினேன். அப்போதே நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. அதற்குப் பிறகு எங்கே போனாலும் அதில்தான். பெண் பார்க்கப் போனதும் அதில்தான். திரும்பும் வழியில் நின்றுவிட்டது. மாமனார் வந்து தள்ளிவிட்டார்.

கல்யாணமான முதல் வாரத்திலேயே என் மனைவி அதற்கு 'மூத்தாள்' என்று பெயர் வைத்தாள். எனக்கு முதல் சம்சாரம் அதுவாம், அவள் இரண்டாவதாம். நான் காரைக் கழுவிக்கொண்டிருந்தால் ஜன்னலிலிருந்து குரல் வரும்.

“மூத்தாளைக் குளிப்பாட்டி முடிச்சாச்சா? இங்க இளையவ பட்டினி கிடக்கறா.”

நான் வேலை செய்வது வால்வு தயாரிக்கும் தொழிற்சாலையில். தரப் பரிசோதகன். கொதிகலன்களுக்குப் போகிற பாதுகாப்பு வால்வுகளை அழுத்தம் கொடுத்துப் பார்த்து, சந்தேகம் இருந்தால் சிவப்புச் சீட்டு ஒட்டுவேன். 'சந்தேகம் வந்தால் நிறுத்து' என்று என் மேசைக்கு மேலே எழுதி மாட்டியிருக்கிறது. எழுதி மாட்டியது நான்தான். இதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம். படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும்.

என் மாமனாரை உங்களுக்குத் தெரியும். சாவியைக் கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தானே. முப்பது வருடம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். அவரிடம் படித்தவர்கள் எல்லோருக்கும் ஒரு வழக்கம் உண்டு. சாவியைத் திருப்பியதும் வண்டியைக் கிளப்ப மாட்டார்கள். டாஷ்போர்டில் எரிகிற எச்சரிக்கை விளக்குகளை வாய்விட்டு எண்ணுவார்கள். எங்கள் காரில் ஏழு. முதலில் ஏழும் எரிய வேண்டும். என்ஜின் ஓட ஆரம்பித்ததும் ஏழும் அணைய வேண்டும். ஏதாவது ஒன்று எரியாவிட்டாலும் சரி, அணையாவிட்டாலும் சரி, இறங்கிவிட வேண்டும். அவர் மகள் பல் தேய்க்க மறந்தாலும் மறப்பாள், எண்ண மறக்க மாட்டாள்.

புதுக் கார் வாங்கலாம் என்று அவள் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருநாள் மழையில், சிக்னலில், பின்னால் ஐம்பது வண்டி ஹாரன் அடிக்க மூத்தாள் அசையாமல் நின்றது. அன்று வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள்.

“இதுக்கு ஒரு முடிவு கட்டலாமா?”

“இன்னும் நல்லா ஓடுதே.”

“நானும்தான் ஓடறேன். என்னையும் மூணு லட்சம் கிலோமீட்டர் ஓட்டுவீங்களா?”

“மூணு லட்சம் ஆகட்டும். ஆனதும் குடுத்துடலாம்.”

“ஆனா என்ன, கொம்பு முளைக்குமா?”

விளக்கினேன். இந்தக் காரின் மீட்டரில் எண்கள் சின்னச் சின்ன உருளைகளில் இருக்கும். 2,99,999 மூன்று லட்சமாக மாறும்போது ஆறு உருளைகளும் ஒரே நேரத்தில் உருளும். பிறகு அப்படி உருள இன்னொரு லட்சம் ஓட வேண்டும். அதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு சின்ன ஆசை, அவ்வளவுதான். பாசம் வேறு, ஆர்வம் வேறு.

அவள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“சரி. ஒரு ஒப்பந்தம். அதுக்குள்ள ஒரு விளக்கு அணையாம எரிஞ்சாலும், அன்னிக்கே வித்துடணும். பேச்சு மாறக் கூடாது. சத்தியம் பண்ணுங்க.”

“என் மேல சத்தியம்.”

“உங்க மேல பண்ணினா செல்லாது. மூத்தாள் மேல பண்ணுங்க.”

பண்ணினேன். அப்போது மீட்டரில் 2,96,400.

பதினாறாவது நாள், ஒரு சனிக்கிழமை, பிரேக் விளக்கு எரிந்தது. நல்லவேளையாக நான் மட்டும்தான் காரில் இருந்தேன். நல்லவேளை என்று அன்று நினைத்தேன். எங்கள் மெக்கானிக்கை 'டாக்டர்' என்போம். பானெட்டில் காதை வைத்துத்தான் வைத்தியத்தைத் தொடங்குவார். அன்று காதுகூட வைக்கவில்லை.

“பிரேக் ஆயில் கசியுது. மாஸ்டர் சிலிண்டர் போச்சு. சாமான் வர பத்து நாள் ஆகும். அதுவரைக்கும் வண்டிய எடுக்காதீங்க.”

“எடுத்தா?”

“எடுத்தா ஓடும் சார். நிக்கறதுதான் பிரச்சனை.”

நான் காரை வீட்டுக்கு ஓட்டி வந்தேன். எடுக்காமல் வைத்தால் அவள் காரணம் கேட்பாள். காரணம் சொன்னால் அன்றே விற்க வேண்டும். ஒப்பந்தம் அப்படி. பேச்சு மாறுவது எனக்குப் பிடிக்காது.

விளக்கைக் கழற்றிவிடலாம் என்று முதலில் யோசித்தேன். ஆனால் அவள் எண்ணுவாள். ஆறுதான் எரிகிறது என்றால் அங்கேயே இறங்கிவிடுவாள். அதனால் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் தூங்கும்போது டாஷ்போர்டைத் திறந்து, பிரேக் விளக்கின் வயரை வெட்டி, பக்கத்திலிருந்த என்ஜின் ஆயில் விளக்கின் வயரோடு சேர்த்துக் கட்டினேன். அது எரிந்தால் இதுவும் எரியும், அது அணைந்தால் இதுவும் அணையும். பிரேக் என்ன ஆனாலும் இதற்குத் தெரியாது. ஒரு முழம் வயர், கொஞ்சம் கறுப்பு டேப், நாற்பது நிமிடம். நேர்த்தியான வேலை. தொழிற்சாலையில் யாராவது அப்படிக் கட்டியிருந்தால் பாராட்டிவிட்டு வேலையைவிட்டுத் தூக்கியிருப்பேன்.

திங்கட்கிழமை காலை அவள் சாவியைத் திருப்பி எண்ணினாள். ஏழு. என்ஜினைக் கிளப்பினாள். ஏழும் அணைந்தன.

“பாத்தியா, மூத்தாள் சமத்து,” என்றேன் நான், பக்கத்து இருக்கையிலிருந்து.

பொறுப்பில்லாதவன் என்று நினைத்துவிடாதீர்கள். தினமும் காலை ஆறு மணிக்கு, அவள் எழுவதற்கு முன், பானெட்டைத் திறந்து கசிந்த அளவுக்குப் பிரேக் ஆயில் ஊற்றுவேன். புட்டியைப் பழைய செருப்புப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். ஊற்றிவிட்டால் அன்று முழுக்கத் தாங்கும். அவள் என்னைத் தொழிற்சாலை வாசலில் இறக்கிவிட்டு அவள் அலுவலகத்துக்குப் போவாள். மாலையில் வந்து அழைத்துக்கொள்வாள். பத்தாவது நாள் டாக்டர் போன் செய்தார், சாமான் வந்துவிட்டது, ஒரு பகல் வண்டியை விடுங்கள் என்று. ஒரு பகல் வண்டி இல்லையென்றால் அவள் கேட்க மாட்டாளா? வேறு இடத்தில் மாற்றிவிட்டேன் என்றேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம். இத்தனை வருடப் பழக்கம்.

இருபத்தாறு நாள் இப்படி ஒழுங்காகப் போனது. இருபத்தேழாவது நாள் எங்கள் தொழிற்சாலைக்குப் பாதுகாப்பு ஆய்வுக்கு ஆட்கள் வந்தார்கள். ஐந்தரை மணிக்கே கம்பெனி வேன் வந்து ஹாரன் அடித்தது. ஓடினேன். ஆயில் ஊற்ற மறந்துவிட்டேன்.

பாலத்திலிருந்து இறங்கும் சரிவில், கீழே நின்றிருந்த லாரியில் மோதினாள். மதியம் ஒன்றேகால் மணி. மீட்டரில் 2,98,812. இதை நான் அப்போது பார்த்தேன். மற்றவர்கள் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முன்பக்கம் நசுங்கியதில் மிச்சமிருந்த ஆயிலும் ரோட்டில் கொட்டிக் கிடந்தது. எது மோதுவதற்கு முன் போனது, எது பின் போனது என்று யாரும் கேட்கவில்லை. 'ஓட்டியவரின் கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டார்கள். படித்துப் பார்த்தேன். எழுத்துப்பிழை எதுவும் இல்லை. போட்டேன்.

காரியங்கள் எல்லாம் முடிந்து வீடு காலியானதும் மாமனார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கைகளை ஸ்டியரிங் பிடித்த மாதிரி மடியில் வைத்திருந்தார்.

“மாப்பிள்ளை, எறக்கத்துல கியரைக் கொறச்சு இறங்கணும்னு அவளுக்குச் சொல்லிக்குடுத்தேனே. சரியாச் சொல்லலையோ?”

அவர் கேட்டது கேள்வியா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

“இருக்கலாம் மாமா,” என்றேன்.

அடுத்த வாரம் அவர் டிரைவிங் ஸ்கூல் பலகையைக் கழற்றிவிட்டார்.

காரை என்ன செய்வது என்ற பேச்சு மறுபடி வந்தது. “அதைப் பாத்தாலே வயிறு எரியுதுடா. எடைக்குப் போட்டுட்டுப் புதுசா ஒண்ணு வாங்கு,” என்றாள் என் அக்கா. நான் முடியாது என்றேன். அதில் ஒரு வேடிக்கை நடந்தது. என் மனைவி கடைசியாகத் தொட்ட பொருள் என்பதால் விட மனமில்லாமல் வைத்திருக்கிறேன் என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். தெருவில் என்னைப் பார்த்தால் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். தாடி வேறு வளர்ந்திருந்தது. ரேசரை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை, அதனால்தான். பக்கத்து வீட்டு டீச்சர் தன் கணவரிடம், “பாத்துக் கத்துக்கங்க,” என்று சொன்னது என் காதில் விழுந்தது. அவர் என்னை முறைத்தார். அந்தத் தெருவில் என்னைச் சரியாக எடைபோட்டவர் அவர் ஒருவர்தான்.

காரைப் பழுது பார்க்க நான்கு மாதம் ஆயிற்று. புது மாஸ்டர் சிலிண்டர் போட்டேன். டாக்டரிடம் போகவில்லை. செய்ய வேண்டிய வேலைகளை ஒரு பட்டியலாக எழுதியிருந்தேன். 'வயரைப் பிரிக்க வேண்டும்' என்பது கடைசி. பிரிக்கவில்லை. படித்தவன் பட்டியல் போடுவதோடு நின்றுவிடுவான். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், தனியாக, நாற்பது ஐம்பது கிலோமீட்டர் ஓட்டி வந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மாமனார் வந்தார். காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

“மாப்பிள்ளை, ஒரு தடவை எடுத்துப் பாக்கட்டுமா? பத்து மாசமா ஸ்டியரிங்கைத் தொடல. கை மறந்துபோச்சான்னு தெரியல.”

சாவியைக் கொடுத்தேன். நல்ல மனநிலையில் இருந்தேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்து, சாவியைத் திருப்பி, “ஒண்ணு, ரெண்டு…” என்று ஏழு வரை எண்ணினார். கிளப்பினார். உடனே அணைத்தார். மறுபடி எண்ணினார், கிளப்பினார், அணைத்தார். நான்கு முறை.

“ஏழாவது எப்பவும் சோம்பேறி, மாப்பிள்ளை,” என்றார். “மத்த ஆறும் அணைஞ்சப்புறம், ஒரு மூச்சு விட்டுட்டுத்தான் பிரேக் விளக்கு அணையும். இதே மாடல் வண்டியில நானூறு பேருக்குச் சொல்லிக்குடுத்திருக்கேன். இதை மட்டும் யாருக்கும் சொன்னதில்ல. இதையும் சொன்னா பயந்துடுவாங்கன்னு விட்டுட்டேன்.”

விரலால் அந்த விளக்கைத் தட்டினார்.

“இதுல கூடவே அணையுது.”

டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டார். விரல்கள் தேடுவது எனக்குத் தெரிந்தது. டேப்பைத் தொட்டதும் நின்றன.

“அவ தெனமும் எண்ணுவாளா?”

“தெனமும் எண்ணுவா மாமா.”

“அன்னிக்கும் எண்ணியிருப்பாளா?”

“எண்ணியிருப்பா.”

நெற்றியை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டார். அழுவார் என்று எதிர்பார்த்தேன். நிமிர்ந்தபோது முகம் லேசாகியிருந்தது. பத்து மாதமாகச் சுமந்த மூட்டையை இறக்கி வைத்தவர் மாதிரி.

“எம்பொண்ணு சரியாத்தான் ஓட்டியிருக்கா,” என்றார். என்னிடம் சொல்லவில்லை. பிறகு சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கி என்னைப் பார்த்தார்.

“நீ உள்ள போய் உக்காரு.”

அவர் என்னை 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. மாப்பிள்ளை என்று கூப்பிடவில்லை. உள்ளே போய் உட்கார்ந்தேன்.

இவ்வளவுதான் நடந்தது. நீங்கள் எழுதியதில் ஒன்றை மட்டும் திருத்த வேண்டும். ஆயில் ஊற்ற மறந்துவிட்டேன் என்று சொன்னேன். அது பத்து மணி வரைக்கும்தான். பத்து மணிக்கு, ஆய்வாளர்கள் தேநீர் குடிக்கப் போனபோது நினைவு வந்தது. போன் கையில்தான் இருந்தது. வண்டியை எடுக்காதே என்று சொல்ல மூன்று வினாடி போதும். ஆனால் 'ஏன்' என்று கேட்பாள். சரிவு, பாலம், லாரி எதுவும் அப்போது என் மனதில் வரவில்லை. இன்னும் ஆயிரத்து இருநூறுதான் பாக்கி என்று மட்டும் வந்தது. சாயங்காலம் வரை அவள் காரை எடுக்க மாட்டாள், அதற்குள் ஏதாவது செய்துகொள்ளலாம் என்று முடிவு செய்து, 'வண்டி எப்படி இருக்கு?' என்று மட்டும் ஒரு செய்தி அனுப்பினேன்.

'மூத்தாள் சமத்து,' என்று பதில் வந்தது.

பன்னிரண்டரைக்கு இன்னொன்று வந்தது. தலைவலி, அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கிளம்புகிறேன் என்று. அதையும் படித்தேன். 'பாத்துப் போ' என்று போட்டேன்.

எழுதிக்கொண்டீர்களா? சரி. கையெழுத்துப் போடுகிறேன்.

காரை எடுத்துப் போகத்தான் அந்த வண்டி வெளியே நிற்கிறது என்று தெரியும். நியாயம்தான். ஒரு சின்ன விஷயம். முன்சக்கரங்களைத் தூக்கி இழுத்துக்கொண்டு போனால் மீட்டர் ஓடாது. இங்கிருந்து உங்கள் ஸ்டேஷன் பதினான்கு கிலோமீட்டர். மீட்டரில் பாக்கி பதினொன்று. சாவி உங்களிடம்தானே இருக்கிறது, நீங்களே ஓட்டலாம். பிரேக் இப்போது நன்றாகப் பிடிக்கிறது. நான் பக்கத்து இருக்கையில் சும்மா உட்கார்ந்து வருகிறேன், விலங்கு போட்டிருந்தாலும் பரவாயில்லை. கிளம்புவதற்கு முன் ஒரு நிமிடம் மட்டும் கொடுங்கள். மீட்டர் கண்ணாடியில் தூசி படிந்திருக்கிறது. துடைத்துவிடுகிறேன்.