கைக்கெட்டும் கால்கள்

மன்றத்தின் தலைமையேற்று மாண்புக்கு மாண்பு சேர்த்து அமர்ந்திருக்கும் நுமீசியுஸ் அவர்களே, நெறி பிறழா நெடுநாள் நடுவர் ஹெல்வியுஸ் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் முதுபெரும் மக்களே, கூடையை இறக்கிவைத்துக் கால்நீட்டி அமர்ந்திருக்கும் மீன்சந்தைத் தாய்மார்களே, தூண் நிழலில் ஒதுங்கி நிற்கும் தோழர்களே, இந்தத் தண்டோராக்காரனின் பணிவான வணக்கம் உங்கள் அனைவருக்கும் உரித்தாகுக.

பேரரசர் வெஸ்பாசியனின் சிலையைத் திறந்துவைக்கும் நாளில் பேசுவதற்கு என்ன தகுதி எனக்கு? தொண்டை ஒன்றுதான் தகுதி. ரோமின் அரியணையில் ஏறியவர்கள் எல்லாம் என் தொண்டை வழியாகத்தான் இந்த ஊருக்குள் நுழைந்தார்கள். திபேரியுஸ் மறைந்தார், காயுஸ் வந்தார் என்று கூவினேன், கூத்தாடினீர்கள். காயுஸ் வெட்டுண்டார், கிளாவுதியுஸ் வந்தார் என்று கூவினேன். காதோடு காதாகப் பேசினீர்கள். நீரோ வந்தார் என்றேன். இளம்பிள்ளை, இனியவர் என்றீர்கள். அதன்பிறகு வந்ததே ஒரு காலம். கல்பா என்று கூவி முடித்து, தேன் கலந்த திராட்சை மது ஒரு வாய் குடிப்பதற்குள் ஓத்தோ என்றார்கள். ஓத்தோவை உரக்கச் சொல்வதற்குள் வித்தேலியுஸ் என்றார்கள். "ரோம்ல சண்டை போடுறது அவங்க, தொண்டை கட்டுறது உங்களுக்கா?" என்று கேட்டாள் என் மனைவி.

சிற்பிகளும் சலித்துப்போனார்கள். இந்தச் சிலையின் உடல் திபேரியுஸ் காலத்து உடல், அதன்மேல் தலையை மட்டும் மாற்று என்றது மன்றம். ஆகவே, அன்பர்களே, நம் ஊரில் ஆட்சி என்பது கழுத்துக்கு மேலேதான் மாறும். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், சிரித்துவிட்டுக் கேளுங்கள்.

நீரோ மறைந்த அந்தக் கோடையில் நடந்தது இது. ரொட்டிக்கார லுர்கோவின் அடிமை ஃபுஸ்கா. ஆலையில் கழுதை செத்தது. புதுக்கழுதை வாங்க மனமில்லாத லுர்கோ, அவளைக் கயிற்றில் பூட்டி மாவுக்கல் சுற்றவைத்தான். அவள் தளர்ந்ததும் அவளுடைய மகளையும் பூட்டப்போனான். தன் தோள் கிழிந்தபோது தாங்கிக்கொண்டவள், மகளின் தோளில் கயிறு விழக் கண்டதும் தாங்கவில்லை. மகளை இழுத்துக்கொண்டு சந்தை வழியே ஓடிவந்தாள், இதே பீடத்தில் விழுந்து சிலையின் கால்களைக் கட்டிக்கொண்டாள். பேரரசர் சிலையின் காலைப் பிடித்தவர்களை, நடுவர் விசாரிக்கும்வரை யாரும் இழுக்கக்கூடாது. அது நம் வழக்கம்.

அந்த வேளையில்தானா எனக்கு ஓலை வரவேண்டும்? நீரோ இறந்தார், அவர் நாட்டின் எதிரி என்று செனட் சபை அறிவித்தது, அவர் உருவங்களை நீக்குக. கடமை என் தொண்டையை விட்டதா? கூவினேன். சிற்பி ஏணி போட்டு ஏறித் தலையைக் கழற்றி இறக்கினான். முண்டமாய் நின்ற சிலையின் காலடியில் இரண்டு உயிர்கள்.

வந்தான் லுர்கோ.

"யார் காலுடி அது? செத்தவன் காலு. எதிரின்னு ஊருக்கே சொல்லியாச்சு. விடுடி."

அவள் விடவில்லை. தலையை மட்டும் திருப்பினாள். "எஜமான், போன மாசம் இதே கால் முன்னாடி கையத் தூக்கித்தான ஊர் ரொட்டிக் குத்தகைக்குச் சத்தியம் பண்ணீங்க? அது உசுரோட இருக்கா, இல்ல அதுவும் செத்துப்போச்சா?"

"அது வேற, இது வேற."

"என்ன வேறன்னு சொல்லுங்க லுர்கோ, எனக்கும் தெரியட்டும்" என்றார், கூட்டத்தை விலக்கி வந்த நம் ஹெல்வியுஸ்.

லுர்கோவின் கை அடங்கவில்லை. தன் ஆட்கள் இருவரை ஏவினான். அவர்கள் நெருங்கியபோது, இதோ அமர்ந்திருக்கும் இந்தத் தாய்மார்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மீன்கூடைகளோடு எழுந்து வந்து, பீடத்தைச் சுற்றி நெருக்கமாக உட்கார்ந்தார்கள்.

"தள்ளு கிழவி."

"வியாபாரம் நடக்குதுப்பா. கெளுத்தி வேணுமா? வேணாம்னா சுத்திப் போ."

"எங்க சுத்தறது, நாலு பக்கமும் நீங்கதான இருக்கீங்க?"

"அப்ப வீட்டுக்குப் போ."

போனார்கள். மறுநாள் ஹெல்வியுஸ் அவளுடைய தோளைப் பார்த்தார். வேறு சாட்சி கேட்கவில்லை. தாயும் மகளும் ஒன்றாக வேறு நல்ல வீட்டுக்கு விற்கப்பட்டார்கள். பிறகு விடுதலையும் பெற்றார்கள். எங்கே ஃபுஸ்கா என்கிறீர்களா? கை காட்டினால் எழுந்துபோய்விடுவேன் என்று மிரட்டியிருக்கிறாள். ஆகவே அந்தத் திசையை நான் பார்க்கவில்லை, நீங்களும் பார்க்காதீர்கள்.

ஏழு பேரரசர்களைக் கூவிய வாய் சொல்கிறது. அவர்களில் ஒருவராவது ஃபுஸ்காவை அறிவாரா? அன்று அவளைக் காத்தது எது? தலையா? தலையே இல்லை. பளிங்கா? பளிங்கு எழுந்து அடிக்குமா? நம் வழக்கத்தை நாமே மதித்தோம், அந்த மதிப்பு காத்தது. மலைபோல் வந்த லுர்கோவை மீன்கூடைகள் மறித்தன. அதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

தலைவர் அவர்களே, ஒரே ஒரு விண்ணப்பம். புதுத்தலை ஏறிய இந்தச் சிலையைச் சுற்றி, உங்கள் சொந்தச் செலவில், மார்பளவு உயர வெண்கல வேலி அமைத்திருக்கிறீர்கள். அழகான வேலி, அழுக்குக் கைகள் படாமல் காக்கும் வேலி. அந்த அழுக்குக் கைகளுக்காகத்தான் ஐயா கேட்கிறேன். மூச்சிரைக்க ஓடிவருபவள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அந்த வேலியைத் தாண்டுவது எப்படி?

என்ன சொல்கிறீர்கள்? ஒரு கதவு வைத்துவிடலாம் என்கிறார் தலைவர். நல்ல மனம். ஆனால் கதவு வைத்தால் பூட்டு வரும், பூட்டு வந்தால் சாவி வரும், சாவி வந்தால் அது போய்ச் சேரும் இடம் ஏதாவது ஒரு லுர்கோவின் இடுப்பு.

தலையசைக்கிறார் தலைவர். சிற்பியைப் பார்த்துக் கையும் காட்டுகிறார். பார்த்தீர்களா, பெரியோர்களே? இதோ, முதல் கம்பி கழல்கிறது.

பேசப் பணித்த மன்றத்துக்கும், பொறுத்துக் கேட்ட உங்களுக்கும் என் நன்றி. பேரரசர் வெஸ்பாசியன் வாழ்க. அவருடைய கால்கள் கைக்கு எட்டும் தூரத்தில் வாழ்க. வணக்கம்.