சகலையின் கார்

எனக்குக் காரில் போனாலே குமட்டும் ஐயா. பேருந்துதான் ஒத்துக்கொள்ளும். அதனால் அந்தக் காருக்கு நான் ஆசைப்பட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது.

என் மனைவியின் தங்கையைக் கட்டியவர், அதாவது என் சகலை, வாடகை வண்டி ஓட்டுபவர். சொந்தமாகக் கார் வாங்கியதும் குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு சுற்றினார். மாமனார் முன்னால். நான் பின்னால் நடுவில், முழங்கால் இடிக்க. சகலை ஏதோ சொல்ல, என் மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பதினோரு வருடத்தில் அப்படியொரு சிரிப்பை நான் கேட்டதில்லை.

நான் காப்பீட்டு அலுவலகத்தில் பாலிசி அச்சடிக்கும் பிரிவில் இருக்கிறேன். முத்திரை எங்கே விழும், எழுத்து எவ்வளவு பொடியாக இருக்கும் என்பதெல்லாம் தலைகீழ்ப் பாடம். இல்லாத கம்பெனி ஒன்றின் பெயரில் இணையப் பக்கம் தொடங்கினேன். பாதி விலைக்குப் போலிப் பாலிசி.

அடுத்த வருடம் அவரே கேட்டார்.

"அண்ணே, இன்சூரன்ஸ் முடியப்போகுது. எங்க போடலாம்?"

இணைப்பை அனுப்பினேன்.

"நீங்க சொன்னா கண்ண மூடிக்கிட்டுப் போடலாம்ண்ணே."

அவர் ஒருவர் மட்டும் ஏமாந்தால் சந்தேகம் என் பக்கம் திரும்பும். ஆகவே இன்னும் நாற்பது பேருக்கு விற்றேன். அவர்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. பிறகு சகலையின் வண்டி எண்ணைப் போக்குவரத்துக் காவல்துறைக்கு நானே தெரிவித்தேன். அவரைப் பிடித்த பின், அதே தாளை வைத்திருந்த மற்றவர்களும் ஒவ்வொருவராக மாட்டினார்கள்.

நீதிமன்றத்துக்கு அவரோடு நானும் போனேன். வரிசையில் அவருக்கு முன்னால், அந்த நாற்பது பேரில் ஒருத்தியான ஒரு நர்ஸ் நின்றாள்.

"காசு கட்டியிருக்கேங்க. ஏமாத்துனவன விட்டுட்டு என்னைப் பிடிக்கிறீங்களே."

தெரியாமல் ஓட்டினாலும் குற்றம்தான் என்றார் நீதிபதி. அவளுக்கும் சகலைக்கும் அபராதம். ஓராண்டுக்கு ஓட்டுநர் உரிமம் ரத்து. கார் விலை போனது. வெளிவாசலில் சகலை என் தோளில் சாய்ந்து அழுதார். அவரைத் தேற்றியவன் நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆமாம், எல்லாம் நான் செய்ததுதான். பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது என் குணமே இல்லை. பிழைப்புப் போனவரைக் குடும்பத்தோடு என் வீட்டில்தான் தங்க வைத்திருக்கிறேன். சாப்பிட உட்கார்ந்தால் என் மனைவி அவருக்கு முதலில் தட்டு வைக்கிறாள். நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இன்று காலையோடு பதினேழு தடவை.