மாடியில் ஒரு இடம்

— கதவைச் சாத்திட்டுப் பேசுக்கா. கூடத்துல எல்லாரும் இங்கயே பாத்துக்கிட்டிருக்காங்க.

— பாக்கட்டும். அவங்க அனுப்பித்தான் வந்திருக்கேன். தையல் கூடத்து ஜன்னலைத் திறக்கச் சொல்லு தம்பி. அவ்வளவுதான்.

— அது என் கையில இல்ல. வெள்ளைச் சட்டையில தூசி படிஞ்சிருக்குன்னு பெரிய ஆர்டர் திரும்பி வந்துடுச்சு. அதுலேர்ந்து மூடித்தான் வைக்கணுமாம்.

— சட்டையில தூசி படிஞ்சா தட்டி விட்டுக்கலாம். நேத்து ஒருத்தி மெஷின் மேலயே மயங்கி விழுந்து, ஊசி கையில ஏறிடுச்சு. நீயும்தானே பாத்த?

— பாத்தேன். சோறு இறங்கலக்கா. மேலிடத்துக்குச் சொல்லியிருக்கேன்.

— மேலிடம் என்ன சொல்லிச்சு?

— அதுக்கும் மேல சொல்லியிருக்காம்.

— நல்லாயிருக்கு போ. நேரா முதலாளிகிட்டயே போய்ச் சொல்லேன்.

— முதலாளின்னு ஒரு ஆளு இருந்தாத்தானே போறதுக்கு? பங்கு வாங்கி வச்சவங்க ஊர் ஊரா இருக்காங்க. நம்ம கூடம் எந்தத் திசையில இருக்குன்னே அவங்களுக்குத் தெரியாது.

— பழைய முதலாளி கெட்ட வாய்க்காரர்தான். ஆனா அவர் திட்டினா, நாமளும் எதிர்ல நின்னு நாலு வார்த்தை திருப்பிக் கேட்டோம். நீதானேடா முன்னால நின்ன? உன்னைத் தோள்ல தூக்கிட்டுப் போனாங்களே.

— அதுக்கப்புறம்தான் இந்த நாற்காலியைக் குடுத்தாங்க.

— நம்ம ஆளு உட்கார்ந்தா நல்லது நடக்கும்னு நினைச்சோம்.

— நானும்தான் நினைச்சேன். இங்க நாற்காலிதான்க்கா பேசுது, நான் வாயை மட்டும் அசைக்கிறேன். என்னை எடுத்துட்டு வேற ஒருத்தனைப் போட்டாலும் அந்த ஜன்னல் மூடித்தான் இருக்கும்.

— அப்ப மெஷினை நிறுத்தறோம். நான் திரும்பிப் போய்க் கையைத் தூக்கினா போதும், எல்லாரும் எழுந்துடுவாங்க.

— வேணாங்கா. கேட்டுக்கு வெளியில வேலை கேட்டு நிக்கிறவங்களைப் பாத்தியா? சாயங்காலத்துக்குள்ள உங்க இடத்துல உட்கார்ந்துடுவாங்க.

— அவங்களும் நம்மளை மாதிரிதானே? சொன்னா புரியாதா?

— புரியும். வயித்துக்குப் புரியணுமே. அக்கா, உன் பொண்ணுக்கு இது ஏழாம் மாசம் இல்ல?

— அதை எதுக்கு இப்ப இழுக்கற?

— மாடியில, சட்டை மடிக்கிற ரூம்ல ஒரு இடம் இருக்கு. காத்து வரும். அவளை மாத்த நான் சொன்னா போதும்.

— மத்த பொண்ணுங்க?

— ஒருத்தியை மாத்தற அளவுக்குத்தான் எனக்கு அதிகாரம். நீங்க மெஷினை நிறுத்தினா அதுவும் இருக்காது.

— எங்கிட்டயே பேரம் பேசறியாடா?

— தாய்மாமன்க்கா நான். போன தடவை அவளுக்குக் கலைஞ்சப்ப நீ அழுத அழுகை இன்னும் காதுல இருக்கு. என்னால ஆனது இதுதான்.

— அம்மா, மாமா என்ன சொன்னாங்க? பெடல்லேர்ந்து காலை எடுத்துட்டு உக்காந்திருக்கோம். நீ ஒரு வார்த்தை சொன்னா எழுந்துடுவோம்.

— நீ ஏண்டி மூச்சு வாங்க ஓடி வந்த?

— என்னைத்தான் கேட்டுட்டு வரச் சொன்னாங்க. நேத்து விழுந்தவ கூட கையில கட்டோட வந்துட்டாம்மா. நீ இருக்கிற தைரியம்தானாம்.

— நீ அங்க திரும்பிப் போக வேணாம். இந்தப் பக்கமா ஏறி மாடிக்குப் போ.

— மாடிக்கா? அப்ப அவங்களுக்கு நான் என்னம்மா சொல்றது?

— நீ ஒண்ணும் சொல்ல வேணாம். தம்பி, மெஷினை ஓட்டச் சொல்லி மணி அடி.