கொடுத்தா எடுத்துப்பேன்

— குதிரையை அப்படியே விட்டுட்டு ராஜாவைக் காஸ்லிங் பண்றியே அண்ணா? என் சிப்பாய் வெட்டுற இடத்துல நிக்குது.

— தெரிஞ்சுதான் விட்டேன். ராஜா கேம்பிட் ஆட்டம்னா அப்படித்தான், கொடுத்துட்டுத் தாக்குறது. முதல்ல சிப்பாய் கொடுத்தேன், இப்ப குதிரை. தைரியம் இருந்தா எடு பாப்பா.

— எடுத்தாச்சு.

— கொஞ்சம் யோசியேன்! ஆரம்பத்துலயே சிப்பாயைத் தொடாம பிஷப்பை வெளியே கொண்டு வந்திருக்கலாம். இல்லேன்னா நடுவுல நீயும் ஒரு சிப்பாயை நீட்டியிருக்கலாம். எத்தனை தடுப்பு இருக்கு! உனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். கொடுத்ததை வாயில போட்டுக்கிறது.

— கொடுத்தா எடுத்துப்பேன். எடுத்ததைத் திருப்பித் தரமாட்டேன். அதான் என் தடுப்பு.

— ராணியால உன் சிப்பாயை வெட்டிட்டேன்.

— என் ராணியும் வெளியே வந்தாச்சு.

— இந்தா, இன்னொரு சிப்பாய்.

— அதையும் எடுத்தாச்சு.

— பேராசை! வாசல்ல லாரி நிக்குது, ஞாபகம் இருக்கில்ல? அந்த ஆள் டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள உன்னை முடிச்சுடுவேன். விக்கிறதுக்கு நீ கையெழுத்துப் போடுவே, அப்பாவோட லேத்து மெஷின் லாரியில ஏறும்.

— நான் ஜெயிச்சா லேத்து இங்கயே இருக்கும். நீ இனிமே விக்கிற பேச்சையே எடுக்கக் கூடாது.

— சரின்னுதானே சொன்னேன்? கடிகாரத்தைத் தட்டித் தட்டி ஆடுற அஞ்சு நிமிஷ ஆட்டத்துல நீ என்னைக்கு என்னை ஜெயிச்சிருக்கே? இந்தா, பிஷப்! செக்!

— பலகையை உடைச்சுடாதே. யானைக்குப் பதிலா வெச்ச நட்டு உருண்டு போச்சு பாரு.

— எடுத்து மூலையில வை. இப்ப பாரு, உன் ராஜா பக்கத்துச் சிப்பாயைத் தின்னுட்டு என் பிஷப் நெஞ்சுக்கு நேரா நிக்குது. என்ன பண்ணப் போறே?

— ராஜாவாலயே எடுத்தா?

— எடு! ராஜா நடுத்தெருவுக்கு வரும். என் ராணி முதல்ல இருந்த கட்டத்துக்கு முன்னாடி நிக்கிற சிப்பாயைத் தள்ளுவேன். உன் ராணி அதையும் தின்னுட்டு செக் சொல்லும்.

— சொன்னா?

— சொல்லட்டுமே! இன்னொரு பிஷப்பைக் குறுக்க வைப்பேன். உன் சிப்பாயால அதை வெட்ட முடியாது. வெட்டினா உன் ராஜா என் ராணிக்கு நேரா வந்துடும். அழகு புரியுதா?

— எடுக்காம ஓடினா?

— உன் ராணி முதல்ல இருந்த கட்டத்துக்கு ஓடலாம். ஓடி? சுத்தி உன் ஆளுங்க எல்லாம் இன்னும் தூங்கிட்டிருக்காங்க. யானை, குதிரை, எதுவும் எழுந்திருக்கல. வயிறு நிறையத் தின்னுட்டுப் படுத்திருக்கே நீ.

— ஒரு குதிரை, ஒரு பிஷப். இவ்வளவு கொடுத்துட்டும் உனக்குப் பயம் இல்லையா?

— பயந்தவன் தாக்க முடியுமா? அப்பாவும் உன்னை மாதிரிதான். இந்த ஒரு லேத்தைக் கட்டிப் பிடிச்சுட்டே போய்ச் சேர்ந்தாரு. அதை நம்ம ரெண்டு பேருக்கும் எழுதி வெச்சாரு பாரு, அதான் அவர் செஞ்ச தப்பு.

— அவர் வண்டியை விலைக்குக் கொடுத்தே. மாடி வீட்டைக் கொடுத்தே. அதெல்லாம் என்ன தாக்குதல் அண்ணா?

— தொழில் தொடங்கினேன்! எல்லாம் கூடி வர நேரம் சரியில்ல, அவ்வளவுதான். எதையும் விடாதவன் எதையும் ஜெயிக்க மாட்டான்.

— நீ விட்டதுல ஒண்ணாவது உன்னோடதா?

— வாய் மட்டும் நீளுது. நாள் பூரா ஆயில்ல கையை ஊற வெச்சு, இரும்புச் சுருளைப் பெருக்கித் தள்ளிட்டு, யாருக்கோ ஷாஃப்ட் கடைஞ்சு கொடுக்கிறே. இதுக்கா இந்த வீம்பு?

— ஆமா. எனக்குப் பிடிச்சிருக்கு. நான் கடைஞ்சது எதுவும் திரும்பி வந்ததில்ல. நீ ஆரம்பிச்சது எது நின்னுச்சு, சொல்லு.

— சொல்றேன். இந்த லேத்துக் காசு கையில வரட்டும். ஜெனரேட்டர் வாடகைக்கு விடப் போறேன். ரெண்டு பேர்கிட்ட பேசி வெச்சிருக்கேன். கல்யாணம், கூட்டம், கடை திறப்பு, எங்க கரண்டு போனாலும் என்னைத்தான் கூப்பிடுவாங்க. நீயும் வந்து கணக்கைப் பாரு, நிழல்ல உட்காரலாம். நான் உன் எதிரியா?

— இல்ல. இன்னும் சொல்லு.

— என்னத்தைச் சொல்ல? லாரிக்காரன் ஹார்ன் அடிக்கிறான் பாரு. ராஜாவைத் தொடு, இல்ல கையெழுத்துப் போடு. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பே? உன் நேரம் ஓடுது பாப்பா!

— ஓடினது உன்னோடது அண்ணா. பிஷப்பை அறைஞ்ச ஜோர்ல கடிகாரத்தைத் தட்ட மறந்துட்டே. இதோ உன் பக்கத்துக் கடிகாரத்துல கொடி விழுந்தாச்சு, அஞ்சு நிமிஷம் முடிஞ்சு நீ தோத்தாச்சு, போய் லாரியைத் திருப்பி அனுப்பு.