பொரி விழுந்த தொட்டி

எண்ணூரில் பன்னிரண்டு வருடம் இருந்தவனுக்கு மூக்கு பாதி வேலைதான் செய்யும். உங்கள் ஸ்டேஷன் வாசலில் சாக்கடை அடைத்திருப்பதாக ஏட்டையா வருத்தப்பட்டார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இந்தப் பக்கத்தில் காற்று கெட்டால் யாரும் ஜன்னலைக்கூடச் சாத்துவதில்லை. எந்தக் கம்பெனியிலிருந்து வருகிறது என்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு, சாப்பாட்டைத் தொடர்வார்கள்.

என் பெயர் வெள்ளத்துரை. நுண்ணுயிரியல் ஆராய்ச்சியாளன். பழைய ஐஸ் ஃபேக்டரி ஒன்றில் எங்கள் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அண்ணனுக்கு ராயபுரத்தில் பருப்பு மண்டி. வீட்டு விசேஷங்களில் என்னைப் பார்த்தால் அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: “என்னடே, கல்லு வெந்துட்டா?” ஐந்து வருடமாகக் கேட்கிறார். சிரித்து வைப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பது எப்படி என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் செய்வது இதுதான். அரியலூர்ப் பக்கம் பத்துக் கோடி வருடத்துக்கு முன்னால் கடல். அதில் செத்த பாசியும் பூச்சிபொட்டும் சேற்றோடு அமுங்கிக் கறுத்த பாறையாகிவிட்டன. அந்த உயிர்களின் மிச்சம் இன்றும் பாறைக்குள் இருக்கிறது. காற்றே படாத இடத்தில் அதை எந்தப் பாக்டீரியாவாலும் செரிக்க முடியாது என்பார்கள் பெரிய ஆட்கள். எண்ணூர்க் கழிமுகச் சேற்றில் நான் எடுத்த பாக்டீரியா செரிக்கும் என்பது என் கட்சி. பாறையைப் பொடித்து, அந்தப் பாக்டீரியாவோடு உப்புத்தண்ணீரில் கலந்து, எட்டடி இரும்புத் தொட்டியில் மூடி வைத்தேன்.

இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. சமீபத்தில் உயிரோடு இருந்த எதிலும் ஒரு வகைக் கரி, அதாவது கார்பன், இருக்கும். அதைப் புதிய கரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துக் கோடி வருடப் பாறையில் அது துளியும் மிஞ்சியிருக்காது. தொட்டியிலிருந்து வரும் வாயுவில் புதிய கரி இல்லையென்றால், என் பாக்டீரியா பாறையைத் தின்றிருக்கிறது. இருந்தால், வேறு எதையோ தின்றிருக்கிறது.

ஒவ்வொரு வருடமும் மாதிரியை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினேன். முதல் வருடம் புதிய கரி அறுபது சதவீதம். அடுத்து அறுபத்திரண்டு. அடுத்த வருடத்தைப் புயல் வெள்ளம் கொண்டுபோயிற்று. அதற்குப் பிறகும் இதே கதை, கடைசியாக அறுபத்து மூன்று. என் ஆய்வுக் கட்டுரையைத் திருப்பி அனுப்பியவர்களில் ஒருவர், தொட்டியை நன்றாகக் கழுவிப் பார்க்கும்படி எழுதியிருந்தார். அந்த வரியை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. தண்ணீரை மாற்றினேன், குழாயை மாற்றினேன், ரப்பர் வாஷர்களைக்கூட மாற்றினேன். எரிச்சலில் ராத்தூக்கம் போய்விட்டது.

பரசுராமன் எங்கள் உதவியாளர். வியாசர்பாடி ஹவுசிங் போர்டு. நல்ல மனிதர், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆயுத பூஜைக்குத் தொட்டிகளுக்குச் சந்தனம், குங்குமம் வைப்பது அவர் வழக்கம். எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனால் தடுத்ததும் இல்லை. போன அக்டோபரில் பூஜையன்று சற்று முன்னதாகவே போனேன். அவர் மாதிரி எடுக்கும் சின்ன மூடியைத் திறந்து, கைப்பிடிப் பொரியும் நாட்டுச்சர்க்கரையும் உள்ளே போட்டுக்கொண்டிருந்தார்.

“என்ன செய்றீங்க?” என்று கேட்டேன்.

“அதுவும் உசுருதான சார்? வருசம் பூரா கல்லத் துன்னுகினு கீது. ஒரு நாளிக்கி வாய்க்கு இனிப்பா எதுனா துன்னட்டுமேன்னுதான்.”

“எத்தனை வருஷமா?”

“நீங்க ஆரமிச்சதுலேந்து சார். ஒரு வருசமும் வுட்டதில்ல.” பெருமையாகத்தான் சொன்னார்.

எனக்கு அழுகை வந்தது. பரவாயில்லை என்று சொல்லி, அவர் நீட்டிய பொரியை வாங்கித் தின்றேன்.

வேலையை விட்டு நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் யோசித்தேன். நிறுத்தினால் ஏன் என்று எல்லோரும் கேட்பார்கள். அவரும் ஒளிக்காமல் சொல்வார், அவருக்கு ஒளிக்கத் தெரியாது. அதன்பிறகு எந்தக் கருத்தரங்குக்குப் போனாலும் நான் பொரி வெள்ளத்துரைதான். என் ஐந்து வருடம் ஒரு டீக்கடைச் சிரிப்பாகிவிடும். ஒரு மனிதரின் வாயை நல்லபடியாக மூட வேறு வழி இருந்திருந்தால் அதைச் செய்திருப்பேன்.

நவம்பரில் தொட்டியைக் காலி செய்தோம். அடியில் தேங்கும் சேற்றை அள்ள வழக்கமாக வெளியாட்கள் வருவார்கள். அவர்கள் இரண்டு நாள் காற்றடிக்கும் ப்ளோயரை ஓடவிட்டு, கருவியால் காற்றைச் சோதித்து, முகமூடி போட்டுத்தான் இறங்குவார்கள். ஏனென்றால் இந்தப் பாக்டீரியா விடும் வாயு அழுகிய முட்டை மாதிரி நாறும், ஆளையும் கொல்லும். அந்தத் தடவை வெளியாட்களைக் கூப்பிடவில்லை. ப்ளோயரைப் போடவில்லை. கருவி என் அறையில் சார்ஜில் இருந்தது.

பரசுராமனிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: “மூடியைத் திறந்ததும் நாத்தம் அடிக்கும். குனிஞ்சு பாத்துக்கிட்டே இருங்க. நாத்தம் நின்னுட்டா காத்து சரியாயிடுச்சுன்னு அர்த்தம்.”

உண்மை நேர் எதிர். அந்த வாயு அதிகமானால் முதலில் சாவது மூக்குதான். நாற்றம் நின்றுவிட்டால் காற்று சரியாகவில்லை, மூக்கு வேலையை விட்டுவிட்டது. எங்கள் படிப்பில் இதை முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

அவர் மூடிக்கு மேல் குனிந்து, முகம் சுளித்தார். கொஞ்ச நேரத்தில் திரும்பிச் சிரித்தார். “சார், இப்ப சுத்தமா நாத்தமே இல்ல சார். எறங்கட்டா?”

“இறங்குங்க” என்றேன்.

ஏணியில் நான்கு படி இறங்கினார். காப்பாற்ற இறங்குகிறவனும் சாவான் என்பதால் நான் இறங்கவில்லை. இருபது நிமிடம் கழித்துத்தான் ஆட்களைக் கூப்பிட்டேன். விபத்து என்று எழுதினார்கள். அந்தக் காகிதத்தைத் தப்பு என்று இப்போது திருத்திக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை.

அவர் மகள் அம்மு பி.எஸ்சி. படித்தவள். அப்பா வேலையை அவளுக்கே கொடுக்கச் சொல்லி நான்தான் சிபாரிசு செய்தேன். மூலக்கொத்தளத்தில் அடக்கம் முடிந்த மறுவாரமே சேர்ந்துவிட்டாள். புதுத் தொட்டி, புதுப் பாறைப்பொடி. எட்டு மாதம் தொட்டியை நான் மட்டும்தான் தொட்டேன். ஞாயிற்றுக்கிழமையும் போனேன். ஒரு முறை காய்ச்சலோடு போய்ப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தேன். இத்தனை வருடத்தில் முதல்முறையாக நிம்மதியாக இருந்தேன் என்று சொல்லலாம்.

நேற்று முடிவு வந்தது. புதிய கரி அறுபத்தொரு சதவீதம்.

போன தடவை அறுபத்து மூன்று. ஆக, பரசுராமன் போட்டது இரண்டு. மீதி அறுபத்தொன்று யாருடையது? அதற்காகத்தான் புகார் கொடுக்க வந்திருக்கிறேன். கூடத்துச் சாவி என்னிடமும் அம்முவிடமும் மட்டும்தான் இருக்கிறது. அவர் செத்துவிட்டார், நான் பக்கத்திலேயே இருந்தேன். பாக்கி யார் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். அவளை நானே விசாரித்திருப்பேன். வரும் வாரம் தொட்டியைக் காலி செய்யவேண்டும், சேறு அள்ள ஆளும் வேண்டும். ஆனாலும் முறைப்படி உங்களிடம் சொல்லிவிடலாம் என்று பட்டது.

கெட்டிக்காரி. முடிவைக் காட்டியதும் பழியை என் பக்கமே திருப்பப் பார்த்தாள். “சார், மாசா மாசம் நீங்க மஞ்சக் கலர்ல ஒரு பொடி கலக்குறீங்களே, அது ஈஸ்ட்டுதான? அதுவும் புதுசா வளந்த உசுருலேந்து எடுத்ததுதான சார்? எங்கப்பாரு பொரி போட்டாருன்னு வூட்ல சொல்லிக்கீறாரு. அதுக்கும் இதுக்கும் இன்னா சார் வித்தியாசம்?” என்று கேட்டாள்.

படித்த பெண் கேட்கிற கேள்வியா இது? பாக்டீரியா சோர்ந்துபோகாமல் இருக்க மாதம் ஐந்து கிராம் போடுவேன். முதல் வருடத்திலிருந்து என் கையாலேயே நிறுத்துப் போடுகிறேன், ஒரு மாதமும் விட்டதில்லை. அது ஊட்டம். அதைச் சாப்பாடு என்று சொல்ல முடியாது, சார்.